எலுமிச்சை பட்ட கயிறு

பாவா,

உன் கயிற்றில் எலுமிச்சம்பழ வாசனை அடிக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய்தான். ஆனால் கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் சிரிப்பாய்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, திருத்தணியில் கடையைத் திறக்காமல் நேரே அம்மையார்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். மாதம் ஒருமுறை உன் வீட்டுக்கு வந்து, கயிற்றை இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலுக்குள் விட்டு உருவிப் பார்த்துத் திரும்ப மாட்டுவது நம் வழக்கம். முன்பு நீயும் நானும் செய்தோம். இப்போது நான் செய்கிறேன். அக்கா காபியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள். தறி அறைக்குள் அவள் அதிகம் வருவதில்லை.

அன்றைக்கு வந்திருக்கிறாள். கயிறு உன் மர முளையில்தான் தொங்கியது, ஆனால் பைக்குள் இல்லை. பையை மடித்துக் கீழே வைத்திருந்தாள். கயிற்றுச் சுருளின் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பழத்தை அறுத்துக் குங்குமத்தில் தோய்த்து இரண்டு பக்கமும் பிழிந்திருக்கிறாள். சாறு பின்னலுக்குள் ஊறி விரலில் ஒட்டியது. போன வருஷம் துக்க வருஷம் என்று வீட்டில் பூஜை இல்லை. நீ இல்லாமல் வீட்டில் செய்த முதல் ஆயுத பூஜை இதுதான். அவளே தன் கையால் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். தெருவில் யார் என்ன பேசினார்களோ, அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள். எங்கள் வீட்டுப் பிடிவாதம் எனக்கு மட்டும் வந்ததல்ல.

"அக்கா, கயித்துக்கு இன்னா பண்ண?"

"பூஜை பண்ணேன். இன்னா இப்ப?"

"பைக்குத்தான பொட்டு வெக்கணும்? பாவா இருந்தப்போ பைக்குத்தான வெப்ப?"

"அவரு இருந்தாரு, பைக்கு வெச்சேன். இந்த வருஷம் மனசு வரல. பையயா புடிச்சிகினு கிணத்துல இறங்கனாரு அவரு?"

அந்தப் பைக்குப் பொட்டு வைக்கும் ஏற்பாடே நீ செய்ததுதான். கயிற்றின் மேல் எதுவும் படக் கூடாது என்று நான் ஒரு பக்கம் நின்றேன். உயிரைத் தாங்குகிற சாமானுக்குப் பொட்டு இல்லாமல் எப்படி என்று அக்கா இன்னொரு பக்கம் நின்றாள். தேங்காய் உடைக்காமல் பூஜை அப்படியே நின்றது. நீதான் கயிற்றைப் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, "சட்டை மேல பொட்டு வெச்சா ஆளுக்கு வெச்ச மாதிரிதான். வையி" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பைக்குத்தான் பொட்டு.

நான் கயிற்றை இறக்கினேன். உருவிக்கொண்டே வந்தேன். நீ நடுவில் சுற்றி வைத்த சிவப்பு நூலைத் தாண்டியதும் விரல் நின்றுவிட்டது. ஓரிடத்தில் மேலுறை உருகி மிளகளவுக்குக் கெட்டியாகி இருந்தது. கற்பூரத் தட்டைச் சுற்றும்போது சுடர் விழுந்திருக்க வேண்டும். அந்த இடத்தை வளைத்துப் பார்த்தேன். நல்ல கயிறு வளைத்தால் உருண்டையாக நிற்கும். இது முறிந்து மடங்கியது.

எலுமிச்சைச் சாறு நைலானை என்ன செய்யும் என்று கேட்டால், ஒருவேளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த 'ஒருவேளை'யை நம்பி யாரையும் கிணற்றில் இறக்க முடியாது. நெருப்புப் பட்ட பிறகு அந்தக் கேள்விக்கும் இடமில்லை. நீ சொல்வாயே, "சந்தேகம் வந்துட்டா அது கயிறு இல்ல மச்சான், வெறும் நூலு" என்று.

வெறும் நூலை என்ன செய்ய வேண்டும் என்பதும் நம் இருவருக்கும் தெரியும். அடுப்படியில் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா என் கையைப் பார்த்தாள். "டேய், கத்திய கீழ வை."

எழுபதைத் தொட்டவனை டேய் என்று கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். வைத்துவிட்டேன்.

"அக்கா, இது செத்துப்போச்சு. இங்க தொட்டுப் பாரு. இத இப்படியே மாட்டி வெச்சா எவனாவது நல்ல கயிறுன்னு எடுத்துகினு போயி இறங்குவான்."

அவள் விரலைப் பிடித்து அந்தக் கெட்டியில் வைத்தேன். தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். என் வூட்ல இருக்கட்டும்."

"நீ இல்லாதப்போ வந்து எடுத்துகினு போனா?"

"வெட்டாத சொல்லிட்டேன். கடைசில அவரு இன்னாத்தயோ கேட்டாரு, எனக்குப் புரியல, நான் குடுக்கல. இதயாவது வெச்சிக்கறேன், வுடு."

அவள் எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம். அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். கடையைத் திறந்து ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டேன். அது இன்னும் அப்படியே கிடக்கிறது. உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நீ எனக்குப் பாவா. உறவுக்காரர்கள் முன்னால் உன்னை நீங்க என்பேன். கிணற்றங்கரையில் நிற்கும்போது நீ. கயிற்றின் மறுமுனையில் இருப்பவனை மரியாதை வைத்துக் கூப்பிட நேரம் ஏது? அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடலிலும் நீ என்று எழுதுகிறேன்.

கிணற்று மோட்டார் ரிப்பேருக்கு இறங்குகிறவன் நான். கூட ஒரு ஆள் வேண்டும் என்று தறி ஓடாத நாட்களில் உன்னை அழைத்துப் போனேன். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு ஆடு விழுந்தது, கன்று விழுந்தது, மனிதர் விழுந்தார் என்று தேடி வர ஆரம்பித்தார்கள். அதற்கெல்லாம் நீ இறங்குவாய், நான் மேலே நின்று பிடிப்பேன். நாம் பெரிய வீரர்கள் என்பதால் அல்ல. நம்மிடம் கயிறு இருந்தது. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் முதல் கயிறு இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வைத்திருந்தது ஹார்டுவேர் கடை மஞ்சள் கயிறு. அது ஒருநாள் கல் விளிம்பில் உரசி உன் கண் முன்னாலேயே புரி பிரிந்து இளகியது. ஏறி வந்தாய். தண்ணீர் கேட்டாய், குடித்தாய், "வேற கயிறு வாங்கலாம் மச்சான்" என்றாய். ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் கயிற்றை வாங்கி வந்தோம். உள்ளே வெள்ளைச் சரம், மேலே பின்னிய உறை. அதோடு இங்கிலீஷில் ஒரு துண்டுத்தாள். நான் எட்டாவதோடு நின்றவன். பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கி, வார்த்தை வார்த்தையாக அந்தத் தாளைப் படித்து முடித்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் யார் சொன்னாலும் அதிலிருந்து நான் மாறுவதில்லை.

கயிற்றை மிதிக்கக் கூடாது. மிதித்தால் மணல் உள்ளே போய் ஒவ்வொரு இழுப்புக்கும் சரத்தை அறுக்கும். வெயிலில் காயப் போடக் கூடாது. சோப்புத்தூள் கூடாது, வெறும் தண்ணீரில் அலசி நிழலில் விட வேண்டும். டீசல், ஆசிட் பக்கத்தில் வைக்கக் கூடாது. கல் விளிம்பில் சாக்கு போடாமல் இறக்கக் கூடாது. வண்டி இழுக்கவோ, பந்தல் கட்டவோ, பொதி கட்டவோ கொடுக்கவே கூடாது. கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், லாரிக்காரர்கள் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எல்லோருக்கும் இல்லை என்றேன். "உன் கயித்துக்கு எப்ப கல்யாணம், பத்திரிகை குடு" என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கிண்டல் பண்ணினார்கள். இரண்டு வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும். அதில் ஒரு வீட்டு ஆளை நாம் கிணற்றிலிருந்து தூக்கினோம். தூக்கிய பிறகும் அவர் பேசவில்லை. அதுவும் இருக்கட்டும்.

கயிற்றை என் கடையில் வைக்க நீதான் விடவில்லை. "உன் கடைல எங்க தொட்டாலும் ஆசிட்டு, கிரீஸு. கயிறு என் வூட்ல இருக்கட்டும்" என்று தறி அறையில் முளை அடித்தாய். நான் கயிற்றைத் தொட வந்தால் முதலில் சோப்பைக் கையில் கொடுப்பாய். எல்லாருக்கும் சட்டம் சொல்கிறவனுக்கு நீ சொன்ன ஒரே சட்டம், "போய்க் கையக் கழுவு."

நான் கண்ணால் பார்ப்பேன். நீ பார்க்கவே மாட்டாய். தறியில் பாவு நூல் அறுந்த இடத்தைத் தேடுகிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு கயிற்றை விரலுக்குள் விடுவாய். அக்காவோடு பேசிக்கொண்டே விடுவாய். திடீரென்று பேச்சு நிற்கும். அங்கே ஏதோ இருக்கும். கிணற்றுக்குள் இருட்டில் கயிற்றின் நடு எது என்று தெரிய வேண்டும் என்று சிவப்புத் தறிநூலை நடுவில் சுற்றி முடிந்தாய். தாளில் அப்படி எழுதவில்லை என்று நான் சண்டை போட்டேன். "தாள் எழுதனவன் நம்ம ஊரு கிணத்துல இறங்கி இருக்கானா?" என்றாய். நூல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நான் விட்டுக்கொடுத்தவை கொஞ்சம். எல்லாம் உனக்குத்தான்.

இழுப்புச் சைகையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கிணறு ஆழமானால் கத்தினாலும் கேட்காது, எதிரொலிதான் வரும். அதனால் ஓர் இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் தூக்கு. வேறு எதுவும் கிடையாது. நீ கீழே போய்ச் சேர்ந்ததும் நாலாவதாக ஒன்று பண்ணுவாய். வெடுக்கென்று இழுப்பதல்ல. மெல்ல இழுத்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து, மெல்ல விடுவாய். முதல்முறை எனக்கு உயிரே போய்விட்டது. மேலே வந்ததும் கேட்டேன்.

"அது இன்னா பாவா சைகை?"

"ஊரிகே மச்சான்." தெலுங்குப் பக்கத்துப் பேச்சு உன் வாயில் இப்படித்தான் வந்து விழும். சும்மா என்று அர்த்தம். "இருக்கேன்னு சொன்னேன்."

"இருக்கறன்னு எனக்குத் தெரியாதா? கயித்துல கனம் தெரியுதே."

"கனம் கல்லுக்கும்தான் இருக்குது."

கணக்கில் இல்லாத சைகை ஆபத்து என்று எத்தனையோ முறை சொன்னேன். நீ சரி சரி என்பாய். அடுத்த கிணற்றிலும் அதே. நான் பதிலுக்கு இழுக்க மாட்டேன். பதில் சொன்னால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

திருவாலங்காட்டில் கரும்பு லோடு டிராக்டர் சேற்றில் புதைந்தபோது நீ கயிற்றைக் கொடுத்ததை இன்னும் நான் மறக்கவில்லை. நீ செத்துப்போனாய் என்பதற்காக அது சரியாகிவிடாது. சங்கிலி அறுந்துவிட்டது, லோடு நேரத்துக்கு ஆலைக்குப் போகவில்லை என்றால் கரும்பு காய்ந்துவிடும் என்று அவர்கள் அழுதிருப்பார்கள். நீ இளகிவிட்டாய். மறுநாள் எனக்குத் தெரிந்து வந்தேன். நீயே கயிற்றை அலசி நிழலில் போட்டிருந்தாய்.

"ஒரு தடவதான மச்சான். பாரு, எங்கயும் ஒண்ணும் ஆவல."

"ஆச்சா இல்லியான்னு கிணத்துல பாதில தொங்கிகினு இருக்கும்போது கேட்டுக்கலாமா?"

உன் கண் முன்னாலேயே வெட்டினேன். வெட்டாமல் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு முன்பே தெரியும். அந்த இளகிய மஞ்சள் கயிற்றை மாட்டுக்கு ஆகட்டும் என்று கொட்டகையில் போட்டு வைத்திருந்தோம். யாரோ எடுத்துப் போய் மோட்டார் இறக்கி, அது அறுந்து மோட்டார் தண்ணீருக்குள் போனது. ஆள் இறங்கியிருந்தால்? அன்றைக்கு நீதான் சொன்னாய், செத்த கயிற்றை ஆள் தொங்க முடியாத நீளத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்று. உன் வார்த்தையைத்தான் உன் கயிற்றில் செய்தேன். ஆனால் உன் முகம் மாறிவிட்டது. கயிற்றுக்காக அல்ல. நான் உன்னைக் கேட்கவில்லை.

பிறகு புதுக் கயிறு வாங்கி வந்து உன் முளையிலேயே மாட்டினேன். அதன் நடுவிலும் நீ சிவப்பு நூலைச் சுற்றினாய். இப்போது எலுமிச்சை வாசனை அடிக்கிறதே, அந்தக் கயிறுதான். மாட்டினேனே தவிர, நீயும் நானும் பேசவில்லை. ஒரே அறையில் ஒரே கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்து உருவிப் பார்ப்போம். பேச்சு அக்கா வழியாகப் போகும்.

"உன் தம்பி கையக் கழுவினாரான்னு கேட்டுச் சொல்லு."

"கழுவினேன்னு சொல்லுக்கா."

"ரெண்டு பேருக்கும் நான் இன்னா போன் ஒயரா?" என்று அக்கா எழுந்து போய்விடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூப்பாடு வந்தது. மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் கால்வால்வைப் பார்க்க இறங்கிய ஒரு விவசாயி வழுக்கி விழுந்து, கால் முறிந்து, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒரு படிக்கல்லில் உட்கார்ந்திருந்தார். நீ இறங்கினாய். நான் மேலே நின்றேன். பேச்சு இல்லை. ஓர் இழுப்பு, நிறுத்தினேன். இரண்டு, இறக்கினேன். கயிறு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நீ கல்லில் கால் வைத்தது கைக்குத் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. சுற்றி ஊரே நின்று கத்துகிறது. நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் அதைப் பண்ணாமல் விட்டுவிடுவாயோ என்று நினைத்தேன்.

மெல்ல இழுத்தாய். பிடித்தாய். விட்டாய்.

நான் பதிலுக்கு இழுத்தேன். அதே மாதிரி, மெல்ல. அதுதான் முதல்முறை.

அவரைத் தூக்கி, உன்னையும் தூக்கி, நீ விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததும் சொன்னாய், "சாக்கு நகர்ந்துச்சு, பாத்தியா?"

"பாத்தேன். சரி பண்ணேன்."

"ஆங்."

நம் சண்டை அவ்வளவில் முடிந்தது. அந்தப் பதில் இழுப்பைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எத்தனை கிணற்றில் இறங்கினாலும் நான் பதில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் கயிறு உன்னை ஒருநாளும் விடவில்லை பாவா. மூச்சுதான் விட்டது. போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று, மூச்சுத் திணறிய உன்னை ஏற்றிய ஆம்புலன்ஸ் திருத்தணியைத் தாண்ட முடியாமல் காவடிக் கூட்டத்துக்குள் ஊர்ந்தது. நான் முன்னால் இறங்கி ஓடி ஓடி வழி கேட்டுக்கொண்டு போனேன். ஜனங்கள் ஒதுங்கித்தான் கொடுத்தார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் உள்ளே ஓர் ஆளுக்குத்தான் அனுமதி. அக்கா போனாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு வருஷம் உன்னைப் பிடித்தவன் நான். கடைசியில் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். அது அவர்களுடைய சட்டம், தப்பு சொல்ல எனக்கு வழியில்லை. ஆனாலும் ஆறவில்லை.

இன்றைக்கு இது போதும். அக்கா வெட்ட விடமாட்டாள். நானும் வெட்டாமல் விடமாட்டேன். உன்னிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கத்தியை அவள் கீழே வைக்கச் சொன்னதும் நான் வைத்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை. வேறு எந்தக் கயிற்றுக்கும் என் கை அப்படி இளகியதில்லை.

* * *

மேலே எழுதியதை மடித்து வைத்து நாலைந்து நாள் ஆகிறது. நேற்று மத்தியானம் அக்கா போன் பண்ணினாள்.

"டேய், கத்தி எடுத்துகினு வா."

"இன்னாக்கா ஆச்சு?"

"வாடான்னா."

போனேன். நடந்ததைச் சொன்னாள். பக்கத்துத் தெருவில் ஒருவருடைய ஆடு கிணற்றில் விழுந்துவிட்டது. அவரும் இரண்டு பேரும் மூச்சிரைக்க வந்து நின்று, "பெரியப்பா கயிறு குடு பெரியம்மா, சீக்கிரம்" என்றிருக்கிறார்கள். அக்காவும் ஓடிப்போய் முளையிலிருந்து எடுத்திருக்கிறாள். கொடுக்கத்தான் எடுத்தாள். சுருளைத் தூக்கும்போது விரல் அந்தக் கெட்டியில் பட்டுவிட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

"இது ஆவாது, போங்கன்னுட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஆட்டுக்குத்தான பெரியம்மா, ஆளுக்கா கேக்கறோம்ன்னாங்க. ஆடு தானா வந்து கயித்த கட்டிக்குமா, கட்டறதுக்கு உங்கள்ல ஒருத்தன்தான இறங்கணும்னேன்." அக்கா மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். "தம்பி புத்தி அப்படியே வந்துட்டுச்சி இந்தம்மாவுக்குன்னு திட்டிகினே போனாங்க."

"ஆடு?"

"ரெண்டு ஏணிய சேத்துக் கட்டி எடுத்துட்டாங்க. அது நல்லாத்தான் இருக்குது. போற வழில என் முருங்கைய மேஞ்சிட்டுப் போச்சு."

கேஸ் அடுப்பில் கத்தியைக் காய வைத்தாள். நைலானைச் சூட்டோடு வெட்டினால்தான் முனை பிரியாது. அதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ சொல்லியிருப்பாய். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தறி அறை வாசல்படியில் உட்கார்ந்தாள். நான் மறுமுனையில், உன் முளைக்குக் கீழே. கயிறு எங்கள் நடுவில் நீண்டு கிடந்தது. சிவந்த கத்தி என் கையில் இருந்தது. முதல் வெட்டுக்கு முன்னால் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். என் கை தானாக வேறொன்று செய்தது. மெல்ல இழுத்து, பிடித்து, விட்டது.

அக்கா நிமிர்ந்தாள். "இன்னாடா பண்ண இப்ப?"

"ஒண்ணுமில்ல. நீ புடி."

"இல்ல, பண்ணியே. மறுபடி பண்ணு."

பண்ணினேன். மெல்ல. பிடித்தேன். விட்டேன்.

அவள் கயிற்றைப் பிடித்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஆஸ்பத்திரில வாயில கொழா வெச்சிருந்தாங்க. பேச முடியல. என் முந்தானையப் புடிச்சிகினு இப்படித்தான் இழுத்தாரு. மெதுவா இழுப்பாரு, அப்படியே வெச்சிருப்பாரு, வுடுவாரு. திருப்பித் திருப்பி. தண்ணி வோணுமான்னு கேட்டேன், தல ஆட்டல. பொண்ண வரச் சொல்லவான்னேன். உன்னக் கூப்புடவான்னேன். ஒண்ணுத்துக்கும் தல ஆட்டல. நர்ஸம்மாவக் கேட்டேன், பஞ்சத் தண்ணில தொட்டு வாய நனைங்கன்னாங்க, நனைச்சேன். மறுபடி இழுத்தாரு. அவரு கேட்டது இன்னான்னு தெரியாமயே போயிட்டாருடா. இன்னா கேட்டாரு?"

கத்தி ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவள் சுமந்தது இதைத்தான். கயிற்றுக்கே பழம் பிழிந்தாளே, அது இதற்குத்தான். அவளுக்கு விடை சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணும் கேக்கலக்கா. கிணத்துக்குள்ள போனதும் அப்படித்தான் இழுப்பாரு. இருக்கேன்னு அர்த்தம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் அழவில்லை. அக்காவை உனக்குத் தெரியும். கயிற்று முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அதுக்குப் பதில் இன்னா?"

"அதே மாதிரி இழுக்கணும்."

கயிற்றைச் சரியாகக் கைக்குள் வாங்கிக்கொண்டாள். மெல்ல இழுத்தாள். பிடித்தாள். நீ பிடிப்பதைவிட நெடுநேரம் பிடித்தாள். பிறகு விட்டாள். மறுமுனை என் கையில்தான் இருந்தது, ஆனாலும் அந்த இழுப்பு எனக்கு வந்ததல்ல. அதனால் நான் பதில் கொடுக்கவில்லை.

"இப்ப வெட்டு" என்றாள்.

கத்தியை மறுபடி காய வைத்து வெட்டினோம். ஆள் தொங்க முடியாத நீளம், நீ சொன்ன கணக்கு. நடுவில் சிவப்பு நூல் இருந்த துண்டை அவள் கேட்காமலே கொடுத்தேன். அதைத் தறியின் காலில் கட்டி வைத்திருக்கிறாள். மற்ற துண்டுகளை வாங்கிப் போக ஆட்டுக்காரரே வந்தார். ஆட்டைக் கட்டத்தான். அவருக்கு வெட்கம் இல்லை. எனக்கும் இல்லை, கொடுத்தேன்.

அடுத்த வாரம் சென்னைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்குகிறேன். அது உன் முளையில்தான் இருக்கும். அக்கா சொல்லிவிட்டாள். பை பழையதுதான். அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு பைக்கு. அதையும் அவளே சொன்னாள்.

என் விரலில் இன்னும் எரிந்த நைலான் நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நீ இருந்திருந்தால் மறுபடி கழுவச் சொல்லியிருப்பாய்.

நான் இப்போது இறங்குவதில்லை பாவா. முட்டி ஒத்துழைக்கவில்லை. மேலே நின்று பிடிக்கிறேன். இறங்குகிறவர்களுக்கு இதுவரை மூன்று சைகைதான் சொல்லி வந்தேன். இனிமேல் நாலு. காலை ஊன்றியதும் மெல்ல இழுத்து, பிடித்து, விட வேண்டும். மேலே இருப்பவன் அதே மாதிரி பதில் தர வேண்டும். நீ சும்மா என்று வைத்திருந்ததை நான் சட்டம் ஆக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு வேறு வழி தெரியாது. எவனாவது கீழே போய்ச் சேர்ந்து அதைப் பண்ண மறந்தால், மேலே வந்ததும் நன்றாகத் திட்டு வாங்குவான்.